ஒரே குத்தில் முடியும் சண்டையை எப்படி எழுதுவது?

2009 ஜூலையில் 'நிதோஷா' என்ற ஜப்பானிய இணையதளத்தில் ஒரு காமிக்ஸ் தொடர் ஆரம்பமானது. ஆர்வமுள்ள யாரும் தாங்கள் வரைந்ததை இலவசமாகப் போட்டுவிட்டுப் போகலாம் என்ற வகைத் தளம் அது. போட்டவர் பெயர் 'ஒன்'. புனைபெயர்தான், இன்றைக்கும் அந்தப் பெயரில்தான் எழுதுகிறார். ஓவியம் எப்படி இருந்தது என்றால், கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் பையன்கள் கிறுக்குவார்களே, அப்படி இருந்தது. கட்டடம் வேண்டுமா, நாலு கோடு. கதாநாயகனுக்கு முட்டை போல வழுக்கைத் தலை, முகத்தில் இரண்டு புள்ளி. எதிரில் எந்த அரக்கன் வந்தாலும் ஒரே குத்து, ஆள் காலி. தொடரின் பெயரிலேயே அது இருக்கிறது: 'ஒன் பஞ்ச் மேன்'.

2012 ஜூனுக்குள் அந்தக் கிறுக்கலை 79 லட்சம் முறை புரட்டியிருந்தார்கள்.

சூப்பர்ஹீரோ கதையைச் சண்டைக்காகத்தான் படிக்கிறோம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். இங்கே சண்டை ஒரு கட்டத்தில் முடிந்துவிடுகிறது, படமும் சுமார். அப்படியும் ஜனங்கள் விடாமல் படித்தார்கள் என்றால், சண்டைக் காட்சி என்று நாம் எதைச் சொல்கிறோமோ அதில் குத்து, உதை தவிர வேறு என்னவோ இருக்கிறது. அந்த 'வேறு' எது என்று கண்டுபிடிக்க நமக்கு ஒரு வசதி வாய்த்திருக்கிறது. இதே கதையை, இதே சண்டைகளை, ஜப்பானின் ஆகச்சிறந்த கைகளில் ஒன்று மறுபடி வரைந்திருக்கிறது. கிறுக்கலையும் அந்தச் செதுக்கலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். சொந்தமாக ஒரு சூப்பர்ஹீரோ வெப்காமிக் தொடங்க ஆசைப்படுகிறவர்களுக்கு இதைவிட நல்ல பாடப்புத்தகம் கிடையாது என்பது என் கட்சி.

ஜெயிப்பான் என்று தெரிந்த பிறகு

1938இல் 'ஆக்‌ஷன் காமிக்ஸ்' முதல் இதழில் சூப்பர்மேன் காரைத் தலைக்கு மேல் தூக்கிய நாளிலிருந்து இந்த வகைக் கதைகளுக்கு ஒரு தலைவலி உண்டு. ஹீரோ தோற்க மாட்டான். படிக்கிறவனுக்கு அது தெரியும். தெரிந்த முடிவுக்கு எப்படிப் பதற்றம் ஏற்றுவது? பெரும்பாலானவர்கள் கண்ட வழி, எதிரியின் பலத்தைக் கூட்டுவது. இந்த மாதம் ஊரை அழிக்க வந்தவன், அடுத்த மாதம் நாட்டை, அதற்கடுத்து பூமியை, அப்புறம் பிரபஞ்சத்தை. ஒரு கட்டத்தில் அழிக்க எதுவும் மிச்சமிருக்காது.

ஒன் தலைவலியை மறைக்கவில்லை, தலைப்பிலேயே எழுதி ஒட்டிவிட்டார். சைட்டாமா என்ற அந்த வழுக்கைத் தலையன் மூன்று வருடம் தினமும் 100 தண்டால், 100 சிட்-அப், 100 பஸ்கி, 10 கிலோமீட்டர் ஓட்டம் என்று உடம்பை வருத்தியிருக்கிறான். முடி கொட்டியது, பலம் வந்தது. வந்த பலத்தில் அவனுக்கு எதிரி என்று ஒருவன்கூட மிஞ்சவில்லை. இப்போது கேள்வி 'ஜெயிப்பானா?' என்பதிலிருந்து விலகி, 'எப்போது வந்து சேருவான்?', 'அதுவரை இவர்கள் கதி என்ன?', 'அடித்த பிறகு அவனுக்கு என்ன ஆகிறது?' என்று பிரிந்துவிடுகிறது.

இது நமக்குப் புதிதல்ல. 1995இல் வந்த 'பாட்ஷா'வில் ஆட்டோக்கார மாணிக்கத்தைக் கம்பத்தில் கட்டிவைத்து அடிக்கும்போது, அவன் திருப்பி அடித்தால் என்ன ஆகும் என்று தியேட்டரில் உட்கார்ந்திருந்த குழந்தைக்குக்கூடத் தெரியும். எப்போது அடிப்பான் என்பதில்தான் பாதிப் படம் ஓடியது.

தொடரின் ஆரம்பத்தில் ஒரு சண்டை வருகிறது. பூமிக்கு அடியிலிருந்து கிளம்பிய ஒரு கூட்டம் சைட்டாமாவின் வீட்டையே பெயர்த்தெடுக்கிறது. ரத்தம் வழிகிறது, மூச்சு வாங்குகிறது, எதிரிகள் வந்துகொண்டே இருக்கிறார்கள். இவனுக்கு முகமெல்லாம் பரவசம். அப்பாடா, ஒரு நிஜமான சண்டை! அப்புறம் பார்த்தால் அது கனவு. எழுந்து வெளியே போனால் அதே கூட்டம் நிஜமாகவே வந்து நிற்கிறது. இவன் ஒரு குத்துவிட்டதும் வெள்ளைக்கொடி காட்டிவிட்டுத் திரும்பக் குழிக்குள் போய்விடுகிறது. மற்ற காமிக்ஸ்களில் நூறு பக்கத்துக்கு நடக்கும் சண்டையை இங்கே ஒருவன் ஏக்கத்தோடு கனவு காண வேண்டியிருக்கிறது. சிரிப்பு வரும், கூடவே அவன்மேல் ஒரு பரிதாபமும் வரும்.

அவன் உண்மையிலேயே உயிரைக் கொடுத்துப் போராடிய சண்டை ஒன்று உண்டு. பலம் வருவதற்கு முன்பு, வேலை தேடி அலைந்த காலத்தில். இன்டர்வியூவிலிருந்து கோட்டும் டையுமாகத் திரும்பி வரும்போது, ஒரு நண்டு மனிதன் எதிர்ப்படுகிறான். தூங்கும்போது தன் உடம்பில் மார்க்கர் பேனாவால் கிறுக்கிய ஒரு சிறுவனைக் கொல்லத் தேடிக்கொண்டிருக்கிறான். சைட்டாமா குறுக்கே விழுகிறான். நன்றாக உதை வாங்குகிறான். கடைசியில் தன் கழுத்து டையைக் கழற்றி நண்டின் கண்ணில் சுருக்குப் போட்டு இழுத்துவிடுகிறான். நண்டு தீர்ந்தது.

அந்த டையை யோசித்துப் பாருங்கள். வேலை கிடைக்காதவன், வேலைக்காகக் கட்டிக்கொண்ட டை. வாளோ, துப்பாக்கியோ, கையிலிருந்து பாயும் மின்னலோ அந்த இடத்தில் இதைச் செய்திருக்காது. சண்டைக்கு முன்பு அவன் யார், பின்பு யார் என்ற கோடு அந்த ஒரு துண்டுத் துணியில் விழுந்துவிடுகிறது. சண்டை எழுத உட்காருபவர்கள் பாத்திரத்தின் பலத்தைப் பட்டியல் போடுவதற்கு முன் அவன் சட்டைப்பையில் என்ன இருக்கிறது என்று பார்ப்பது நல்லது என்பதற்கு எனக்குத் தெரிந்த சிறந்த உதாரணம் இது.

அடி வாங்குகிறவன் முகம்

தமிழ் வாசகனுக்கு இன்னொரு பாடம் 1972இலேயே கிடைத்துவிட்டது. முத்து காமிக்ஸின் முதல் இதழாகச் சிவகாசியிலிருந்து வந்த 'இரும்புக்கை மாயாவி', 1962இல் பிரிட்டனின் 'வேலியன்ட்' இதழில் தொடங்கிய கதை. மின்சாரம் பாய்ந்தால் மாயாவியின் உடல் மறைந்துவிடும், இரும்புக்கை மட்டும் மறையாது. இதை வரைந்த ஸ்பெயின்காரர் ஹெசுஸ் பிளாஸ்கோவுக்கு வந்த சிக்கலைப் பாருங்கள். அடிக்கிறவன் கண்ணுக்கே தெரியமாட்டான். ஆகவே அவர் அடிபடுகிறவனை வரைந்தார். அந்தரத்தில் மிதந்து வரும் கை, அதைப் பார்த்து வெளிறிப்போகும் காவலாளி, தானாகத் திரும்பும் துப்பாக்கி, யாரும் தொடாமல் சரியும் நாற்காலி. படித்தவர்களுக்கு மாயாவியின் முகத்தைவிட, அந்தக் கையைக் கண்டு மிரண்டவர்களின் முகம்தான் நினைவிருக்கும்.

இந்த உத்தி இன்னும் பழசு. கலிங்கத்துப் போரை ஜெயங்கொண்டார் நேரடியாகச் சொல்லவில்லை. போர்க்களத்தைப் பார்த்து வந்த ஒரு பேய் ஓடிவந்து காளியிடம் சொல்கிறது. அடித்தவர்களுக்கும் நமக்கும் நடுவே, பார்த்தவர் ஒருவர் நிற்கிறார்.

'ஒன் பஞ்ச் மேன்' சண்டைகளில் ஆகச்சிறந்ததில் சைட்டாமா கடைசிவரை இல்லவே இல்லை. கொட்டும் மழையில் ஆழ்கடல் அரசன் என்ற அசுரன் ஊருக்குள் புகுந்திருக்கிறான். ஈரம் பட்டால் அவன் பலம் கூடும். எனவே மழையும் அவன் பக்கம். மக்கள் ஒரு பாதுகாப்பு மண்டபத்தில் ஒடுங்கிக் கிடக்கிறார்கள். ஒருவர் பின் ஒருவராக ஹீரோக்கள் வருகிறார்கள், விழுகிறார்கள். சைட்டாமாவின் சீடனான ஜெனோஸ் என்ற இயந்திர உடல்காரன் ஏறக்குறைய ஜெயித்துவிடுகிறான். அந்த நேரம் அசுரன் உமிழும் அமிலம் ஒரு சிறுமியை நோக்கிப் போகிறது. ஜெனோஸ் குறுக்கே பாய்ந்து தன் உடம்பைக் கொடுத்து உருக்குலைகிறான்.

அப்போது சைக்கிளில் ஒருவன் வருகிறான். மூமென் ரைடர். ஹீரோக்களுக்குள் 'சி' வகுப்பு, அதாவது கடைசி வகுப்பு. தனிச் சக்தி எதுவும் கிடையாது. வாகனம், ஆயுதம் இரண்டும் அந்தச் சைக்கிள்தான். அதைத் தூக்கி அசுரன்மேல் எறிகிறான். பிறகு ஓடிப்போய்க் கையால் குத்துகிறான். அசுரன் அவனைத் தரையில் அறைந்து போட்டுவிட்டுத் திரும்பி நடக்கிறான். இவன் தள்ளாடி எழுந்து அவன் இடுப்பைக் கட்டிப் பிடித்துக்கொள்கிறான். தன்னால் முடியாது என்று தனக்கே தெரியும் என்கிறான். முடியுமா முடியாதா என்பது இப்போது பேச்சே இல்லை என்கிறான். மண்டபத்துக்குள் ஒடுங்கியிருந்த கூட்டத்திலிருந்து ஒரு குரல் எழுகிறது, அப்புறம் எல்லோரும் கத்துகிறார்கள். அசுரன் அவனை மறுபடி அடிக்கிறான். கீழே விழப்போனவனை ஒரு கை தாங்கிப் பிடிக்கிறது. சைட்டாமா வந்துவிட்டான்.

அடுத்து என்ன என்று சொல்ல வேண்டியதில்லை. ஒரே குத்து. அந்த வேகத்தில் மழையே ஒரு கணம் விலகி நிற்கிறது.

சாதாரண எழுத்தாளர் இங்கே நிறுத்தியிருப்பார். ஒன் நிறுத்தவில்லை. கூட்டத்தில் ஒருவன் பேச்சை ஆரம்பிக்கிறான்: இவன் ஒரு அடியில் முடித்துவிட்டான் என்றால், இத்தனை நேரம் அடிவாங்கிய அந்த ஹீரோக்கள் எதற்கும் லாயக்கில்லாதவர்கள்தானே? உயிரைக் காப்பாற்றிக்கொண்ட ஐந்தே நிமிடத்தில் வாய் எப்படி நீளுகிறது பாருங்கள். சைட்டாமா சிரித்துக்கொண்டே ஒரு பொய் சொல்கிறான். மற்றவர்கள் அடித்து நொறுக்கி வைத்திருந்தார்கள், கடைசியில் வந்து பேரைத் தட்டிக்கொண்டு போனவன் நான் என்கிறான். கூட்டம் நம்புகிறது. பிறகு அவனுக்கு வந்த கடிதங்களில் ஒன்று அவனை மோசடிப் பேர்வழி என்று திட்டுகிறது.

மொத்தச் சண்டையிலும் அவனுக்கு வலித்த ஒரே இடம் அதுதான். அசுரனால் முடியாததை அந்தக் கடிதம் செய்துவிட்டது.

ஒரே சண்டை, இரண்டு கை

இந்தக் கிறுக்கலைப் படித்து மயங்கியவர்களில் ஒருவர் யூசுகே முராட்டா. 'ஷோனென் ஜம்ப்' வார இதழில் 2002 முதல் 2009 வரை வந்த 'ஐஷீல்ட் 21' என்ற அமெரிக்கக் கால்பந்துத் தொடரின் ஓவியர். அன்றைக்கே பெரிய பெயர். அவரே ஒன்னைத் தொடர்புகொண்டு, இதை நான் வரையட்டுமா என்று கேட்டார். 2012 ஜூன் முதல் ஷுயேஷா நிறுவனத்தின் 'தோனாரி நோ யங் ஜம்ப்' இணையதளத்தில் முராட்டாவின் வடிவம் வரத்தொடங்கியது. புத்தகமாக வந்தது பிறகு. ஆக, மறுபிறவியும் இணையத்தில்தான்.

இருவருக்கும் நடுவே வேலை நடக்கும் விதத்தைத் தெரிந்துகொள்வது முக்கியம். ஜப்பானில் காமிக்ஸ் வரைவதற்கு முன் 'நேம்' என்று ஒன்று போடுவார்கள். எந்தப் பக்கத்தில் எத்தனை கட்டம், யார் எங்கே நிற்கிறார், பலூனில் என்ன வசனம் என்று பென்சிலில் போடும் கச்சா வடிவம். ஒன் நேம் போட்டுக் கொடுப்பார். முராட்டா அதை வரைவார், நீட்டுவார், சில இடங்களில் ஊதிப் பெருக்குவார். சண்டை 'எழுதுவது' என்ற வேலை அந்தக் கச்சாத் தாளில் நடக்கிறது. அமெரிக்காவில் மார்வெல் நிறுவனத்தார் நேர்மாறாகப் போனார்கள். 1960களில் ஸ்டான் லீ கதைச்சுருக்கம் மட்டும் கொடுப்பார், ஓவியர் சண்டையைத் தன் போக்கில் வரைந்து முடித்த பிறகு பலூன்களை நிரப்புவார். ஹீரோக்கள் குத்துவிட்டபடியே நீளநீளமாகப் பேசியதற்கு அந்த ஏற்பாடும் ஒரு காரணமாக இருக்க வேண்டும் என்று எனக்குச் சந்தேகம்.

முராட்டாவின் கை என்ன செய்கிறது என்பதற்குக் குருவும் சீடனும் பயிற்சிக்காக மோதும் அத்தியாயத்தைப் பார்க்கலாம். ஆளில்லாத பாறை நிலம். ஜெனோஸ் எல்லா ஆயுதங்களையும் கொட்டுகிறான். கோணம் மாறிக்கொண்டே இருக்கிறது. பாறை பிளக்கிறது, புழுதி எழும்புகிறது, கோடுகள் எல்லாம் ஒரே திசையில் சீறுகின்றன. கடைசியில் சைட்டாமாவின் முஷ்டி ஜெனோஸின் முகத்துக்கு நேரே வந்து, தொடாமல் நின்றுவிடுகிறது. ஜெனோஸ் மெல்லத் திரும்பிப் பார்க்கிறான். பின்னால் இருந்த மலை இல்லை. குருநாதர் சாவகாசமாக, பசிக்கிறது, சாப்பிடப் போகலாம் என்கிறார்.

ஒன்னின் மூல வடிவிலும் இந்த மோதல் உண்டு. முராட்டாவிடம் புழுதி கூடியது, பாறைக்கு எடை வந்தது, ஜெனோஸின் கை உலோகத்தில் ஒவ்வொரு திருகாணியும் தெரிந்தது. ஆனால் காட்சியின் முதுகெலும்பு அசையவில்லை: தொடாத குத்து, திரும்பிப் பார்க்கும் தலை, சாப்பாட்டுப் பேச்சு. மூன்றும் நேமில் இருந்தவை. கிறுக்கலில் படித்தவனுக்கும் அந்த இடத்தில் வயிறு சில்லிட்டது, செதுக்கலில் படித்தவனுக்கும் சில்லிட்டது. நன்றாக வரையத் தெரிந்த பலருடைய வெப்காமிக்ஸ் சண்டைகள் ஏன் அசட்டையாகக் கடந்து போகின்றன என்பதற்கும் இதில் விடை இருக்கிறது. புழுதி இருக்கிறது, திரும்பிப் பார்க்கும் தலை இல்லை.

இணையத்தில் பக்கக் கணக்கு கிடையாது. வார இதழில் இவ்வளவு பக்கம்தான் என்று கத்தரி இருக்கும். முராட்டாவுக்கு அது இல்லாததால், சில அத்தியாயங்கள் ஒரு மூச்சில் முடிந்தன, சில நீண்டுகொண்டே போயின. சில சண்டைகளில் காமிரா மெல்லச் சுற்றி வருவதுபோல, சிறு சிறு நகர்வாகப் பக்கத்துக்கு மேல் பக்கம் வரைந்தார். ரசிகர்கள் அவற்றை அடுக்கி ஓடவிட்டு ஜிஃப் படமாக்கினார்கள். வெளியான அத்தியாயமே பிடிக்கவில்லை என்றால், புத்தகமாவதற்குள் மறுபடி வரைந்து பழையதை எடுத்துவிடுவார். சண்டையின் போக்கே மாறிப்போன சமயங்களும் உண்டு. அச்சில் இந்தச் சொகுசு யாருக்கும் இருந்ததில்லை. இது வரமா சாபமா என்று கேட்டால், பாதிப் பாதி என்பேன். போரோஸ் என்ற வேற்றுக்கிரகவாசியோடு நடக்கும் சண்டையில் பிரம்மாண்டம் கண்ணை நிறைக்கிறது. ஆனால் அந்தச் சண்டையில் மனதில் நிற்பது, சாகும் தறுவாயில் போரோஸ் அது சமபலச் சண்டையே இல்லை என்று புரிந்துகொள்ளும் இடம். சமமான எதிரியைத் தேடிப் பிரபஞ்சமெல்லாம் அலைந்தவன் அவன். சைட்டாமாவின் சலிப்பும் அதே நோய்தான். கொல்கிறவனும் சாகிறவனும் ஒரே குறையோடு நிற்கிறார்கள். அதைக் காட்ட நாலு கோடு போதும்.

பக்கம் புரளாத திரை

இதுவரை சொன்னதெல்லாம் பக்கம் என்ற ஒன்று இருக்கும் காமிக்ஸ். இன்றைக்கு வெப்காமிக் தொடங்குபவர் பெரும்பாலும் கைபேசிக்குத்தான் வரைவார். தென்கொரியாவில் நேவர் நிறுவனம் 2004இல் வெப்டூன் சேவையைத் தொடங்கியது. ஆங்கிலத்தில் 2014இல் வந்தது. கட்டங்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக விழும், கட்டைவிரலால் மேலே தள்ளிக்கொண்டே போகவேண்டும். திரைக்கு எல்லையில்லை, அதை முடிவில்லாத தாளாகப் பாவிக்கலாம் என்று அமெரிக்கக் கோட்பாட்டாளர் ஸ்காட் மெக்ளவுட் 2000இலேயே எழுதினார். கொரியர்கள் அதில் சண்டை போட்டுக் காட்டினார்கள்.

பக்கத்துக்கும் ஸ்க்ரோலுக்கும் என்ன வித்தியாசம் என்பதற்கு ஒரு பழைய காட்சி. 1966இல் வந்த 'தி அமேசிங் ஸ்பைடர்மேன்' 33ஆம் இதழ். ஸ்பைடர்மேன்மேல் டன் கணக்கில் எந்திரம் சரிந்து கிடக்கிறது. தண்ணீர் கசிந்து ஏறுகிறது. அத்தை மேயைப் பிழைக்கவைக்கும் மருந்து கைக்கு எட்டாத தூரத்தில் தரையில் கிடக்கிறது. எதிரி என்று யாரும் இல்லை. இரும்பும் அவனும்தான். ஸ்டீவ் டிட்கோ முதலில் ஒடுங்கிய கட்டங்களில் அவனை நசுக்குகிறார். அவன் முனகி முனகி எழ எழ, கட்டங்கள் பெரிதாகின்றன. கடைசியில் ஒரு முழுப் பக்கத்தில் இரும்பு மேலே போகிறது. சூப்பர்ஹீரோ காமிக்ஸ் வரலாற்றின் மிகச்சிறந்த சண்டை எது என்று கேட்டால், எதிரியே இல்லாத இந்தச் சண்டையைச் சொல்லும் ஆட்களில் நானும் ஒருவன்.

கைபேசியில் இதை அப்படியே செய்ய முடியாது. வெப்டூன் தளத்தில் பதிவேற்றும் படத்தின் அகலம் 800 பிக்சல். கட்டம் அதற்கு மேல் அகலாது. முழுப் பக்கம், இரட்டைப் பக்கம் என்ற பேச்சே இல்லை. ஆனால் உயரத்துக்குக் கணக்கில்லை. அதனால் சண்டையின் திசையே மாறுகிறது. இடமிருந்து வலமாகப் பாயும் குத்துக்கு ஓட இடமில்லாமல் மூச்சு முட்டும். மேலிருந்து விழும் உதைக்கும், கூரையிலிருந்து குதிப்பவனுக்கும், கீழிருந்து தாடையைப் பெயர்க்கும் குத்துக்கும் ராஜபாட்டை. 2011இல் பாக் யோங்ஜே தொடங்கிய 'தி காட் ஆஃப் ஹைஸ்கூல்' தொடரின் தற்காப்புக்கலைச் சண்டைகளைத் தள்ளித் தள்ளிப் பார்த்தால் இது புரியும்.

இன்னொன்று, நேரம். புத்தகத்தில் பக்கத்தைப் புரட்டும்போது அதிர்ச்சி கொடுக்கலாம். ஸ்க்ரோலில் புரட்டல் இல்லை; இரண்டு கட்டங்களுக்கு நடுவே எவ்வளவு வெற்றிடம் விடுகிறோமோ அவ்வளவு நேரம். கை ஓங்கியாயிற்று. கீழே கறுப்பு. இன்னும் கறுப்பு. விரல் தள்ளிக்கொண்டே இருக்கிறது. அப்புறம் அடி. வேகமாக நடக்க வேண்டிய இடத்தில் கட்டங்களை நெருக்கி, ஒன்றன்மேல் ஒன்று ஏறும்படி அடுக்க வேண்டும். 'பளார்', 'ணங்' போன்ற ஓசைச் சொற்களைப் பெட்டிக்குள் அடைக்காமல், அடி விழும் திசையிலேயே சரித்து, கட்டத்தின் விளிம்பைத் தாண்டி எழுதினால் கண் அதில் வழுக்கிக்கொண்டு கீழே போகும். எல்லாக் குத்துக்கும் இப்படிச் செய்தால் எதுவும் எடுபடாது. ஒரு சண்டைக்கு ஒரு இடம், மிஞ்சினால் இரண்டு.

கை வலி

சண்டைக் காட்சியைப் பற்றிப் பேசுபவர்கள் வசதியாக மறந்துவிடுவது, அதை யாரோ உட்கார்ந்து வரைய வேண்டும் என்பதை. கொரிய வெப்டூனில் ஒரு வாரத்துக்கு 60, 70 கட்டங்கள், அதுவும் முழு வண்ணத்தில் என்பது சாதாரணம். உலகமெங்கும் பெயர்பெற்ற 'சோலோ லெவலிங்' தொடரின் சண்டைகளை வரைந்த ஜாங் சுங்-ராக், 2022 ஜூலையில் மூளையில் ரத்தக்கசிவு ஏற்பட்டு இறந்தார். வயது 37. வெப்டூன் ஓவியர்களின் வேலைப்பளு பற்றி அப்போது கொரியாவில் எழுந்த பேச்சு லேசில் அடங்கவில்லை.

புத்திசாலிகள் இந்தச் சுமையைக் கதைக்குள்ளேயே இறக்கிவைக்கிறார்கள். 'டிராகன் பால்' வரைந்த அகிரா தோரியாமா கட்டடங்களை வரைய அலுத்துக்கொண்டு சண்டைகளைப் பொட்டல்காட்டுக்குக் கொண்டுபோனார். நாயகன் உச்சபலம் பெறும்போது தலைமுடி பொன்னிறமாவது உலகப் பிரசித்தம். அதற்கு ஒரு காரணம், கறுப்பு முடிக்கு மை நிரப்பும் வேலை மிச்சமாகும் என்பதுதான் என்று அவரே சொல்லியிருக்கிறார். கறுப்பு வெள்ளைக் காமிக்ஸில் பொன்னிறம் என்றால் மை இல்லாத வெள்ளை. உதவியாளரின் மணிக்கட்டைக் காப்பாற்றப்போய் ஒரு தலைமுறையின் கனவு பிறந்துவிட்டது.

இன்றைக்குக் 'கிளிப் ஸ்டூடியோ பெயின்ட்' மென்பொருளில் வேகக்கோடுகளை நொடியில் போடலாம்; முப்பரிமாணப் பொம்மையை வளைத்து நிற்கவைத்து அதன்மேல் வரையலாம். பின்னணித் தெருவை 'ஸ்கெட்ச்அப்' மாதிரிகளிலிருந்து எடுத்துக்கொள்கிறார்கள். உதவிதான், மறுக்கவில்லை. ஆனால் பொம்மையைப் பார்த்து வரைந்த உதையில் பெரும்பாலும் எடை இருப்பதில்லை. நிற்கும் காலில் பாரம் ஏறியிருக்கிறதா, இடுப்பு திரும்பியிருக்கிறதா என்பது பொம்மைக்குத் தெரியாது. கராத்தே வகுப்பிலோ சிலம்பக் கூடத்திலோ ஓரமாக உட்கார்ந்து ஒரு மணிநேரம் பென்சிலால் கிறுக்கினால் அது கைக்கு வரும். முக்கியமாக, அடி விழுவதற்கு முந்தைய கணத்தையும் விழுந்த பிறகான கணத்தையும் வரைந்து பழக வேண்டும். மோதும் கணத்தைப் படிப்பவனே நிரப்பிக்கொள்வான். கட்டங்களுக்கு நடுவே உள்ள அந்த வெள்ளைச் சந்தில்தான் காமிக்ஸ் நடக்கிறது என்று மெக்ளவுட் 1993இல் ஒரு புத்தகமே போட்டிருக்கிறார்.

தமிழில் இப்போது ஒரு சூப்பர்ஹீரோ வெப்காமிக் தொடங்குகிறவர் முதல் அத்தியாயத்திலேயே சென்னையைத் தரைமட்டமாக்க வேண்டியதில்லை. ஒரு பேருந்து நிறுத்தம் எடுத்துக்கொள்ளுங்கள். சாயங்கால நெரிசல். சண்டை முடியும்போது யாருக்கு என்ன மாறியிருக்க வேண்டும் என்பதை முதலில் ஒரே வரியில் எழுதிவிடுங்கள். ஹீரோ ஜெயித்தான் என்று எழுதினால் அதை அடித்துவிட்டு வேறு எழுதுங்கள். பார்த்துக்கொண்டிருப்பது யார் என்று முடிவு செய்யுங்கள்: பூ கட்டும் அம்மாவா, பஸ்ஸைத் தவறவிட்ட பள்ளிப் பையனா, செல்போனில் படம் பிடிக்கிறவனா? மூன்று பேருக்கும் அது மூன்று சண்டை. பிறகு ஒரு தாளில் அந்த இடத்தை மேலிருந்து பார்ப்பதுபோல வரைந்து, கம்பம் எங்கே, பெஞ்சு எங்கே, பஸ் எந்தப் பக்கமிருந்து வரும் என்று குறித்துக்கொள்ளுங்கள். சண்டை நடுவில் இடமும் வலமும் குழம்பினால் எவ்வளவு நன்றாக வரைந்தாலும் வாசகன் நழுவிவிடுவான். வசனத்தை எல்லாம் மூடிவைத்துவிட்டு யாரிடமாவது நேமை நீட்டி, இங்கே என்ன நடக்கிறது என்று கேளுங்கள். அவர் தடுமாறும் கட்டத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு மறுபடி போடுங்கள். பென்சிலில்தானே இருக்கிறது, நஷ்டம் ஒன்றுமில்லை.